தட்டில் இருப்பதும் பண்ணையில் வளர்வதும்

பிராய்லர் கோழியைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் ஊரில் இரண்டு குற்றச்சாட்டுகள் உடனே வந்துவிடும். ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்பது ஒன்று. கோழி முழுக்க மருந்து என்பது இன்னொன்று. முதலாவதில் உண்மை இல்லை. ஆயிரக்கணக்கான கோழிகள் நிற்கும் கொட்டகையில் ஒவ்வொன்றையும் பிடித்து ஊசி போடுவது கூலிக்கே கட்டாது. நாற்பது நாளில் இரண்டு கிலோவைத் தாண்டுவது பல பத்தாண்டுகள் நடந்த இனத்தேர்வாலும் அதற்கேற்ற தீவனத்தாலும் வந்தது. இரண்டாவது குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆனால் நாம் அதைப் பாதியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறோம். சாப்பிடும் கறியில் ஆன்டிபயாட்டிக் மிச்சம் இருக்கிறதா என்று கேட்கிறோம். அந்த மருந்து கொடுக்கப்பட்ட கொட்டகையில் எந்த பாக்டீரியா பிழைத்துப் பெருகியது, அது எங்கெல்லாம் போனது என்று கேட்பதில்லை.

பொது சுகாதாரத்தைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விதான் கனமானது. மருந்து மிச்சம் ஒருவரின் உடம்புக்குள் போய் சில நாளில் வெளியேறிவிடும். மருந்துக்குப் பழகிவிட்ட பாக்டீரியா பெருகும். தன் எதிர்ப்பை வேறு பாக்டீரியாவுக்கும் கொடுக்கும். 2019இல் மட்டும் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியா தொற்றுகள் நேரடிக் காரணமாகி உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக 'லான்செட்' இதழில் வந்த மதிப்பீடு சொல்கிறது. இதில் கால்நடைப் பண்ணைகளின் பங்கு எவ்வளவு, அதைக் குறைக்க முயன்ற நாடுகள் என்ன கண்டன, இந்தியா எங்கே நிற்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தீவனத்துக்குள் மருந்து வந்த கதை

1940களின் இறுதியில், நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் ஊரில் இருந்த லெடர்லே ஆய்வகத்தில் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட், தாமஸ் ஜூக்ஸ் இருவரும் கோழிக் குஞ்சுகளுக்கு மலிவான வைட்டமின் பி12 தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தயாரித்தபின் மிஞ்சும் நொதிப்புக் கழிவைத் தீவனத்தில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் வைட்டமின் கணக்குக்கு மீறி வளர்ந்தன. கழிவில் ஒட்டியிருந்த சிறிதளவு ஆன்டிபயாட்டிக்கே காரணம் என்று 1950இல் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்க அரசு மருந்துச் சீட்டு இல்லாமல் தீவனத்தில் கலக்க அனுமதி கொடுத்தது.

குறைந்த அளவு மருந்து ஏன் வளர்ச்சியைக் கூட்டுகிறது என்பதற்கு இன்றுவரை முழு விளக்கம் இல்லை. வெளியே தெரியாத சிறு தொற்றுகள் அடங்குவதும், குடல் பாக்டீரியாக்களின் கூட்டம் மாறுவதும் காரணமாக இருக்கலாம். ஆனால் பண்ணைத் தொழிலுக்கு இந்த மருந்து செய்த பெரிய உதவி வேறு. ஒரு கொட்டகையில் முன்பு நினைத்துப் பார்க்க முடியாத எண்ணிக்கையில் கோழிகளையும் பன்றிகளையும் நெருக்கி வைத்து, சாவு கூடாமல் பார்த்துக்கொள்ள அது வழிசெய்தது. இடநெருக்கடி, காற்றோட்டக் குறைவு, தரமில்லாத குஞ்சு ஆகிய குறைகளுக்கெல்லாம் மலிவான ஈடாக ஆன்டிபயாட்டிக் மாறியது.

பண்ணையில் மருந்து கொடுப்பதற்கு நான்கு காரணங்கள் உண்டு. நோய் கண்ட விலங்குக்குச் சிகிச்சை, சிலவற்றுக்கு நோய் கண்டதும் கூட்டம் முழுவதற்கும் கொடுப்பது, நோயே வராமல் இருக்க முன்கூட்டிக் கொடுப்பது, வளர்ச்சிக்காகக் கொடுப்பது. முதலாவதை யாரும் எதிர்க்கவில்லை. நோயுற்ற மாட்டைச் சாகவிடச் சொல்வது யாருக்கும் நியாயமாகப் படாது. சிக்கல் கடைசி இரண்டில்தான். ஏனென்றால் அவை குறைந்த அளவில், நீண்ட நாள், மொத்தக் கூட்டத்துக்கும் போகின்றன. போதாத அளவு மருந்து கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடும் என்று அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே எச்சரித்திருந்தார். அவர் மனிதர்களை நினைத்துச் சொன்னது, சில ஆண்டுகளில் கோடிக்கணக்கான கோழிகளுக்கு அன்றாட நடைமுறை ஆயிற்று.

ஒரு பண்ணை, ஒரு குடும்பம், முந்நூறு கோழிகள்

பண்ணையில் நடப்பது மனிதரை எட்டுமா என்பதை முதலில் நேராகச் சோதித்துப் பார்த்தவர் ஆய்வாளர் ஸ்டூவர்ட் லெவி. 1970களின் நடுவில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஷெர்பார்ன் என்ற ஊரில், ஒரு குடும்பம் நடத்திய பண்ணையில் ஏறத்தாழ முந்நூறு கோழிக் குஞ்சுகளை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் கலந்த தீவனம், மறுபாதிக்குக் கலக்காத தீவனம். கால்நடை மருந்து நிறுவனங்களின் சங்கமே இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. ஆபத்து ஒன்றுமில்லை என்று தெரியவரும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு.

ஒரே வாரத்தில், மருந்து தின்ற கோழிகளின் குடலில் இருந்த பாக்டீரியா கிட்டத்தட்ட முழுவதும் டெட்ராசைக்ளினை எதிர்க்கத் தொடங்கின. சில மாதங்களில், அந்தக் கோழிகள் தின்றே இராத வேறு மருந்துகளையும் சேர்த்து எதிர்த்தன. ஐந்தாறு மாதத்தில் பண்ணைக் குடும்பத்தாரிடம் எடுத்த மல மாதிரிகளில் 31.3 விழுக்காட்டில், பாக்டீரியாக்களில் பத்தில் எட்டுக்கு மேல் எதிர்ப்பு பெற்றிருந்தன. அக்கம்பக்கத்தாரிடம் அந்த எண்ணிக்கை 6.8 விழுக்காடு. அவர்கள் யாரும் மருந்து சாப்பிடவில்லை. மருந்து கலந்த தீவனத்தை நிறுத்திய ஆறு மாதத்தில் பெரும்பாலோரிடம் அது குறைந்துவிட்டது. 1976இல் வெளிவந்த இந்தச் சின்ன ஆய்வுக்குள் பிற்காலத்தில் நிரூபணமான அத்தனையும் இருக்கிறது: எதிர்ப்பு வேகமாக வரும், ஒன்றோடு ஒன்று சேர்ந்து வரும், மனிதருக்குத் தாவும், மருந்தை நிறுத்தினால் குறையவும் செய்யும்.

கொடுக்காத மருந்தையும் எதிர்க்கும் வித்தை எப்படி வந்தது? எதிர்ப்பு மரபணுக்கள் பல சமயம் பிளாஸ்மிட் எனப்படும் தனி வளையங்களில் வரிசையாக அமர்ந்திருக்கும். ஒரு பாக்டீரியா இந்த வளையத்தின் நகலைப் பக்கத்தில் இருப்பதற்குக் கொடுத்துவிடும். அது வேறு இனமாக இருந்தாலும் சரி. வளையத்தில் உள்ள ஒரு மரபணுவுக்கு வேலை இருக்கும்வரை மற்றவையும் ஓசியில் கூடவே தங்கும்.

போகும் பாதைகளும் பல. சரியாக வேகாத கறி ஒரு பாதை. பச்சைக்கறியை நறுக்கிய பலகையிலேயே வெங்காயம், தக்காளியை நறுக்குவது அதைவிடச் சுலபமான பாதை. கொட்டகையில் வேலை செய்பவர்களின் கையும் மூக்கும் இன்னொன்று. தின்ற மருந்தின் கணிசமான பகுதி உருமாறாமலேயே எச்சத்தில் வெளியேறுகிறது. அந்தக் கோழி எரு மஞ்சள் காட்டுக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் போகிறது. எனவே கறி தின்னாதவர் இந்தக் கணக்கில் சேர மாட்டார் என்று நினைத்துக்கொள்ள முடியாது.

சான்று எவ்வளவு உறுதி?

கனடாவின் கியூபெக்கில் நடந்தது இந்தத் துறையின் மிகத் தெளிவான சான்றுகளில் ஒன்று. அங்கே குஞ்சு பொரிப்பகங்களில் முட்டைக்குள்ளேயே செஃப்டியோஃபர் என்ற மருந்தைச் செலுத்திவந்தார்கள். பொரித்த குஞ்சுக்குத் தொப்புள் தொற்று வராமல் தடுப்பது நோக்கம். இது மனிதருக்குக் கொடுக்கும் செஃப்ட்ரையாக்சோனின் குடும்பத்தைச் சேர்ந்தது. கடையில் விற்ற கோழியிலும் மனித நோயாளிகளிடமும் ஒரே வகை சால்மொனெல்லா, ஒரே எதிர்ப்போடு கூடிவருவதை கனடாவின் கண்காணிப்புத் திட்டம் கண்டது. 2005இல் பொரிப்பகங்கள் தாமாகவே மருந்தை நிறுத்தின. கோழியிலும் மனிதரிலும் எதிர்ப்பு ஒருசேரச் சரிந்தது. 2007இல் மீண்டும் ஓரளவு பயன்படுத்தத் தொடங்கினார்கள். இரண்டும் மறுபடி ஏறின.

இரண்டாவது சான்று சீனாவிலிருந்து. கொலிஸ்டின் 1950களின் மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று மருத்துவர்கள் ஒதுக்கிவைத்திருந்தார்கள். வேறு எதற்கும் அடங்காத கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை நிறைத்தபோது, கடைசிக் கையிருப்பாக அதை மீண்டும் எடுத்தார்கள். அதே காலத்தில் சீனப் பன்றிப் பண்ணைகளில் அது தீவனத்தில் கலந்து டன் கணக்கில் போய்க்கொண்டிருந்தது. 2015 நவம்பரில், கொலிஸ்டினை எதிர்க்கும் எம்சிஆர்-1 மரபணு பிளாஸ்மிட் ஏறிவிட்டது என்று சீன ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். வெட்டுக்கு வந்த பன்றிகளின் ஈ.கோலை மாதிரிகளில் 21 விழுக்காட்டிலும், பச்சைக்கறியில் 15 விழுக்காட்டிலும், மருத்துவமனை நோயாளிகளில் ஏறத்தாழ 1 விழுக்காட்டிலும் அது இருந்தது. பண்ணையில் அதிகம், ஆஸ்பத்திரியில் குறைவு என்ற இந்த வரிசையே அது புறப்பட்ட இடத்தைக் காட்டிக்கொடுத்தது. 2017 ஏப்ரல் முடிவில் சீனா வளர்ச்சிக்காகக் கொலிஸ்டின் கலப்பதைத் தடைசெய்தது. தீவனக் கொலிஸ்டின் உற்பத்தி 2015இல் 27,170 டன். 2018இல் 2,497 டன். பன்றிகளின் ஈ.கோலையில் கொலிஸ்டின் எதிர்ப்பு 34 விழுக்காட்டிலிருந்து 5.1 விழுக்காடாக இறங்கியது.

மூன்றாவது, என்ரோஃப்ளாக்சசின். கால்நடைகளுக்கென்று விற்கப்படும் இந்த மருந்து விலங்கின் உடலுக்குள் சிப்ரோஃப்ளாக்சசினாக மாறுகிறது. நாம் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் விழுங்கும் அதே மருந்து. கேம்பைலோபாக்டர் கிருமியில் எதிர்ப்பு கூடுவதைக் காரணம் காட்டி, கோழிகளுக்கு அதைக் கொடுப்பதற்கான அனுமதியை ரத்துசெய்ய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2000இல் முனைந்தது. தயாரிப்பு நிறுவனமான பேயர் எதிர்த்து வாதாடியது. அனுமதி உண்மையில் ரத்தாக 2005 ஆயிற்று.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கிழக்கு இங்கிலாந்தில் பண்ணை விலங்குகளின் ஈ.கோலையையும், ரத்தத்தில் தொற்று ஏறிய நோயாளிகளின் ஈ.கோலையையும் முழு மரபணு வரிசையோடு ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வு, இரண்டுக்கும் பொதுவானது மிகக் குறைவு என்று கண்டது. இந்திய மருத்துவமனைகளில் கிளெப்சியெல்லாவிடம் காணப்படும் கொலிஸ்டின் எதிர்ப்பு பெரும்பாலும் எம்சிஆர் வழியாக வந்ததல்ல. நோயாளிகளுக்குக் கொடுத்த மருந்தின் அழுத்தத்தில் அந்தக் கிருமியின் சொந்தக் குரோமோசோமிலேயே ஏற்பட்ட மாற்றத்தால் வந்தது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கும் பழக்கம், கைகழுவாத வார்டு, சாக்கடை கலக்கும் குடிநீர் ஆகியவற்றின் பங்கைப் பண்ணையின் தலையில் கட்டிவிட முடியாது. உணவு வழி வரும் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டரில் பண்ணையின் பங்கு நேரடியானது. ஆஸ்பத்திரிக் கிருமிகளில் அது மறைமுகமானது, கிருமிக்குக் கிருமி மாறுவது. இருந்தும், ஒரு புதிய எதிர்ப்பு மரபணு ஒருமுறை பிளாஸ்மிட் ஏறிவிட்டால் அதன்பின் அது எந்தத் தொழிலின் எல்லைக்குள்ளும் நிற்பதில்லை என்பதை எம்சிஆர்-1 காட்டிவிட்டது. சதவீதத் தகராறு தீரட்டும் என்று காத்திருக்க முடியாததற்கு இதுவே காரணம்.

டென்மார்க் எழுதிய கணக்கு

சட்டம் போட்டால் நின்றுவிடுமா என்ற கேள்விக்கு ஐரோப்பாவின் அனுபவம் நல்ல பாடம். இங்கிலாந்தில் 1960களில் கன்றுகளிலிருந்து பல மருந்தெதிர்ப்பு சால்மொனெல்லா பரவியதை அடுத்து அமைந்த ஸ்வான் குழு, 1969இல் அறிக்கை தந்தது. மனிதச் சிகிச்சைக்குத் தேவையான மருந்துகளை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் சேர்க்கக் கூடாது, மற்றவற்றைச் சேர்க்கலாம் என்பது அதன் சாரம். நியாயமாகத் தோன்றும் இந்தப் பிரிவினையில் ஓட்டை இருந்தது. மனிதருக்குப் பயன்படாத அவோபார்சின் ஐரோப்பியத் தீவனங்களில் தாராளமாகப் புழங்கியது. அதன் வேதி அமைப்போ, ஆஸ்பத்திரியில் கடைசிக் கையிருப்பாக வைத்திருந்த வான்கோமைசினுக்கு நெருங்கிய உறவு. ஒன்றை எதிர்க்கப் பழகிய பாக்டீரியா இன்னொன்றையும் எதிர்த்தது. 1994இல் டென்மார்க்கில் மனிதர்களுக்குக் கொடுத்த வான்கோமைசின் 24 கிலோ. விலங்குகள் தின்ற அவோபார்சின் 24,000 கிலோ.

சுவீடன் விவசாயிகள் தாங்களே கேட்டு, 1986இல் வளர்ச்சிக்கான ஆன்டிபயாட்டிக் அனைத்தையும் தடைசெய்ய வைத்தார்கள். டென்மார்க் 1995இல் அவோபார்சினை நிறுத்தியது. ஆனால் அது தடையோடு நிற்கவில்லை. அதே ஆண்டில் டான்மாப் என்ற கண்காணிப்பைத் தொடங்கி விலங்கு, கறி, மனிதர் மூன்றிலும் எதிர்ப்பை ஒரே ஆவணத்தில் அளந்தது. கால்நடை மருத்துவர்கள் மருந்து விற்று ஈட்டும் லாபத்துக்குக் கடிவாளம் போட்டது. எழுதிக்கொடுப்பவருக்கே விற்பனையில் ஆதாயம் இருந்தால் சீட்டு நீளும் என்பது எந்த ஊருக்கும் பொது. 2000இலிருந்து எந்தப் பண்ணைக்கு, எந்த விலங்குக்கு, எந்த மருந்து, எவ்வளவு என்ற விவரம் ஒரே தரவுத்தளத்தில் சேர்ந்தது. 2010இல் மஞ்சள் அட்டை வந்தது: சராசரிப் பயன்பாட்டின் இருமடங்கைத் தாண்டும் பன்றிப் பண்ணைக்கு எச்சரிக்கை, குறைக்கக் கெடு.

பலன் கணக்கில் தெரிந்தது. 1994இல் 205 டன்னாக இருந்த விலங்குப் பயன்பாடு 2001இல் 94 டன். கறிக்கோழியின் என்டரோகாக்கஸ் பாக்டீரியாவில் வான்கோமைசின் குடும்பத்துக்கான எதிர்ப்பு 1995இல் 72.7 விழுக்காடு, 2000இல் 5.8. பன்றியில் மட்டும் எதிர்ப்பு இறங்க மறுத்தது. தேடிப் பார்த்ததில், அந்த எதிர்ப்பு மரபணு, டைலோசின் என்ற இன்னொரு தீவன மருந்துக்கான எதிர்ப்போடு ஒரே பிளாஸ்மிட்டில் இருந்தது தெரியவந்தது. டைலோசினையும் நிறுத்தியபின்தான் அது இறங்கியது. அளந்துகொண்டே இருந்ததால்தான் இதைக் கண்டுபிடிக்க முடிந்தது. வெறும் தடை உத்தரவோடு விட்டிருந்தால் முயற்சியே வீண் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

சேதமும் இருந்தது. தாயிடமிருந்து பிரித்த பன்றிக்குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு கூடியது. அதற்கான சிகிச்சை மருந்து சில காலம் ஏறியது. ஒரு பன்றிக்கு உற்பத்திச் செலவு ஏறத்தாழ ஒரு யூரோ, அதாவது 1 விழுக்காடு அளவுக்குக் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு கணக்கிட்டது. கோழி வளர்ப்பில் செலவு கூடவில்லை. பன்றிகளிடம் பரவிய சிசி398 என்ற எம்ஆர்எஸ்ஏ (மருந்தெதிர்ப்பு ஸ்டஃபைலோகாக்கஸ்) வகையை மட்டும் டென்மார்க்கால் அடக்க முடியவில்லை. அங்குள்ள பெரும்பாலான பன்றிக் கூட்டங்களில் அது புகுந்துவிட்டது. இந்த வகை முதலில் மனிதரிடம் சாதாரணக் கிருமியாக இருந்து, பன்றிக்குப் போய், அங்கே எதிர்ப்பைப் பெற்று மனிதருக்குத் திரும்பியது என்று 2012இல் மரபணு ஆய்வு காட்டியது. பயன்பாட்டைக் குறைப்பது எதிர்ப்பைக் குறைக்கும். ஆனால் தாமதமாகத் தொடங்கினால் சிலவற்றைத் திரும்பப் பெற முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006இல் வளர்ச்சிக்கான பயன்பாடு தடையானது. அதன்பிறகும் அதே மருந்து 'நோய்த்தடுப்பு' என்ற பெயரில் தொடர்ந்த பண்ணைகள் இருந்ததால், 2022 ஜனவரியில் வழக்கமான தடுப்புப் பயன்பாட்டுக்கும் தடை வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2017 வழிகாட்டியும் இதையே சொல்கிறது: நோய் இல்லாத விலங்குக்கு, மனிதருக்கு முக்கியமான ஆன்டிபயாட்டிக்கைக் கொடுக்காதீர்கள்.

பல்லடமும் நாமக்கல்லும்

2010இல் உலகக் கால்நடைகள் தின்ற ஆன்டிபயாட்டிக்கில் இந்தியாவின் பங்கு 3 விழுக்காடு என்று ஒரு மதிப்பீடு கூறியது. பங்கு சிறிதாகத் தெரிந்தாலும் திசை கவலைக்குரியது. கோழித் தொழில் வளரும் வேகத்தோடு மருந்தும் வளரும். டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2014இல் தலைநகர்ப் பகுதியில் வாங்கிச் சோதித்த 70 கோழி மாதிரிகளில் 40 விழுக்காட்டில் மருந்து மிச்சம் இருந்தது. பஞ்சாபில் 18 கோழிப் பண்ணைகளில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், பல மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் இஎஸ்பிஎல் வகை ஈ.கோலை கறிக்கோழிப் பண்ணைகளின் மாதிரிகளில் 87 விழுக்காடு, முட்டைக்கோழிப் பண்ணைகளில் 42 விழுக்காடு.

கறிக்கோழியில் ஏன் இவ்வளவு அதிகம் என்பதற்கு அதன் வளர்ப்பு முறையே பதில். பல்லடம், உடுமலைப் பகுதியில் பெரும்பாலும் ஒப்பந்த வளர்ப்பு. நிறுவனம் குஞ்சு, தீவனம், மருந்து தரும். விவசாயி கொட்டகை, கரண்ட், தண்ணீர், உழைப்பு தருவார். கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. தின்ற தீவனத்துக்கு எவ்வளவு எடை வந்தது, எத்தனை செத்தது என்பதைப் பொறுத்துக் கூலி ஏறும் இறங்கும். குஞ்சு இறக்கிய முதல் சில நாட்களுக்குத் தண்ணீர் வழியே மருந்து விடுவது பல இடங்களில் வழக்கம். கம்பெனி சூப்பர்வைசர் சொல்வதே அங்கே மருந்துச் சீட்டு. வெள்ளைக்கழிச்சல் போன்ற வைரஸ் நோய்க்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது என்று தெரிந்திருந்தும், பின்னால் வரக்கூடிய பாக்டீரியா தொற்றுக்காக என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு பேட்ச் சரிந்தால் விவசாயியின் இரண்டு மாத உழைப்பு போகும். இந்த நிலையில் இருப்பவரிடம் 'பொறுப்போடு பயன்படுத்துங்கள்' என்று துண்டுப் பிரசுரம் கொடுப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. தீர்மானம் அவர் கையில் இல்லை.

சட்டத்தில் விதிகள் இல்லாமல் இல்லை. மருந்து விதிகளில் 2012இல் செய்த திருத்தத்தின்படி, குறிப்பிட்ட மருந்துக்குத் தனி வரையறை இல்லாதபோது, கடைசி வேளை மருந்துக்குப் பின் பால், முட்டைக்குக் குறைந்தது 7 நாள், கறிக்கு 28 நாள் காத்திருக்க வேண்டும். இதைப் பண்ணையில் பொருத்திப் பாருங்கள். கறிக்கோழியின் ஆயுளே சுமார் நாற்பது நாள். அப்படியென்றால் பன்னிரண்டாம் நாளுக்குப்பின் அந்த மருந்து கொடுக்கக் கூடாது. நாமக்கல்லில் பத்தாயிரம் கோழி வைத்திருக்கும் ஒரு பண்ணையில் நூற்றுக்குத் தொண்ணூறு முட்டையிட்டால் நாளுக்கு 9,000 முட்டை. ஏழு நாளைக்கு 63,000 முட்டைகளை விற்காமல் ஒதுக்க வேண்டும். முட்டைக்கு 5 ரூபாய் என்றாலும் மூன்று லட்சத்து பதினைந்தாயிரம் ரூபாய். அதை ஈடுகட்ட யாரும் இல்லை. ஒதுக்கினாரா என்று பார்க்கவும் பெரும்பாலும் யாரும் இல்லை. விதி காகிதத்தில் நிற்பதற்கு விவசாயியின் நேர்மைக் குறைவைவிட இந்தக் கணக்குதான் பெரிய காரணம்.

ஏற்றுமதிக்குப் போகும் பொருளில் கதையே வேறு. இறாலில் தடைசெய்த மருந்துகள் அகப்பட்டதால், ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் இந்திய வளர்ப்பு இறால் சரக்குகளில் பாதியைச் சோதிக்கத் தொடங்கியது. அதுவரை 10 விழுக்காடுதான். சென்னையில் இயங்கும் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் தடைப் பட்டியல், குளங்களில் மாதிரி எடுப்பது, ஏற்றுமதிக்கு முன் ஆய்வகச் சான்று எல்லாம் இந்த அழுத்தத்தில் இறுகின. வாங்குபவர் கேட்டதால் நடந்தது. உள்ளூர்ச் சந்தையில் கேட்பவர் இல்லை. கறி, பால், முட்டைக்கு விரிவான மிச்ச வரம்புகளே 2018 வாக்கில்தான் வந்தன.

2019 ஜூலையில் இந்தியா உணவுக்கான விலங்குகளில் கொலிஸ்டினைத் தடைசெய்தது. சரியான நேரத்தில் எடுத்த சரியான முடிவு. ஆனால் ஒரு மருந்தைத் தடைசெய்தால் தேவை அடுத்த மருந்துக்கு நகரும் என்பது ஸ்வான் குழுவின் பாடம். நகர்ந்ததா இல்லையா என்று இங்கே சொல்லத் தேவையான பண்ணைவாரி மருந்துக் கணக்கு பொதுவில் இல்லை. எதிர்ப்பை அளக்க மீன், கால்நடை ஆய்வகங்களை இணைத்து ஒரு தேசிய வலையமைப்பு இயங்குகிறது; பயன்பாட்டை அளப்பதில்தான் வெற்றிடம்.

மாட்டுக் கொட்டிலில் ஒரு மாற்று

பாலில் நிலைமை வேறு மாதிரி. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 77இல் மருந்து மிச்சம் வரம்பைத் தாண்டியது; அதாவது 1.2 விழுக்காடு. தீவனப் பூஞ்சையிலிருந்து வரும் அஃப்ளாடாக்சின் அதைவிட அதிகமாக, 368 மாதிரிகளில் இருந்தது. பலர் பாலும் சங்கத்தின் கேனில் ஒன்றாகக் கலப்பதால் ஒருவர் பாலில் உள்ள மருந்து நீர்த்துப்போகும் என்பதையும் நினைவில் வைத்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

கறவை மாட்டில் ஆன்டிபயாட்டிக் அதிகம் செலவாவது மடிநோய்க்கு. இங்கே மாற்றுக்கான முயற்சி தமிழ்நாட்டிலிருந்தே கிளம்பியது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி முன்வைத்த மரபுவழிக் கலவை எளிமையானது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். சேர்த்து அரைத்து, பாலைக் கறந்து மடியைக் கழுவியபின், நீர்விட்டுத் தளர்த்தி நாளுக்குப் பத்து முறை, ஐந்து நாள் பூச வேண்டும். தேசிய பால்வள வாரியம் இதைக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகப் பல மாநிலங்களுக்குக் கொண்டுசென்றது. எல்லா மடிநோய்க்கும் இது போதாது. காய்ச்சலோடு மாடு படுத்துவிட்டால் மருத்துவரை அழைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஆரம்ப நிலையில் பிடித்துப் பூசினால் முதல் ஊசியைத் தவிர்க்க வாய்ப்பு உண்டு. பால் ஊற்றுவதை ஏழு நாள் நிறுத்தும் நஷ்டமும் இல்லை. விவசாயிக்கு லாபமாக இருக்கும் மாற்று சட்டத்தின் தள்ளுதல் இல்லாமலே பரவும் என்பதற்கு இது உதாரணம்.

எங்கே தொடங்குவது

2024 செப்டம்பரில் ஐநா பொதுச்சபை மருந்தெதிர்ப்பு பற்றி ஓர் அரசியல் அறிக்கையை ஏற்றது. எதிர்ப்பால் வரும் சாவை 2030க்குள் 10 விழுக்காடு குறைப்போம் என்றது. விவசாயப் பயன்பாட்டை 30 விழுக்காடு குறைக்கும் இலக்கு வரைவில் இருந்தது; இறுதியில் எண் போய், 'பொருளுள்ள அளவுக்குக் குறைப்போம்' என்ற பொதுவாக்கியம் மிஞ்சியது. உலக மேடையில் எண் வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். கறியை நன்றாக வேகவையுங்கள், பச்சைக்கறிக்குத் தனிப் பலகையும் கத்தியும் வையுங்கள், பச்சைக்கோழியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வேகவைத்தால் பாக்டீரியா சாகும். நாட்டுக்கோழி என்று எழுதி விற்பதாலேயே அது மருந்து தின்னாத கோழி ஆகிவிடாது. கொட்டகையில் அடைத்து வளர்த்தால் அதற்கும் அதே நெருக்கடிதான்.

மற்றதெல்லாம் அரசும் தொழிலும் செய்ய வேண்டியது. மனிதருக்கு முக்கியமான எந்த ஆன்டிபயாட்டிக்கும் வளர்ச்சிக்காகக் கலக்கக் கூடாது என்று ஒரே வரியில் சட்டம் வேண்டும். மருந்து மருந்தாகத் தடைசெய்தால் ஒவ்வொரு முறையும் பின்தங்குவோம். பண்ணைக்குள் போகும் ஒவ்வொரு கிலோ ஆன்டிபயாட்டிக்கும் கால்நடை மருத்துவர் பெயரோடு பதிவாக வேண்டும். ஒப்பந்த வளர்ப்பில் அந்தப் பதிவுக்கான பொறுப்பு மருந்தைத் தரும் நிறுவனத்துடையது, விவசாயியுடையது அல்ல. தடுப்பூசி, குஞ்சின் தரம், கோழிக்கு ஒதுக்கும் இடம் இவற்றுக்கான கூடுதல் செலவு வளர்ப்புக் கூலியில் சேர வேண்டும்.

இதை நடத்திக்காட்டத் தமிழ்நாட்டின் கையில் ஒரு கருவி இருக்கிறது. சத்துணவுக்கும் அங்கன்வாடிக்கும் அரசு பெருந்தொகையில் முட்டை வாங்குகிறது. எடையையும் விலையையும் போல, பண்ணையின் மருந்துப் பதிவேட்டையும் காத்திருப்பு நாட்களையும் கொள்முதல் நிபந்தனை ஆக்கி, அதைக் கடைப்பிடிக்கும் பண்ணைக்கு முட்டைக்குச் சில காசுகள் கூட்டிக் கொடுக்கலாம். இறால் பண்ணைகளை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது வெளிநாட்டு வாங்குபவரின் கேள்வி. அதே கேள்வியைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சார்பில் கேட்க அரசுக்கு உரிமை இருக்கிறது. டென்மார்க்கில் இதற்கான செலவு நூற்றில் ஒரு பங்கு. இங்கே கூடுதலாகவே ஆகட்டும். இப்போது அந்தச் செலவைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் பில்லில் கட்டிக்கொண்டிருக்கிறோம், அங்கே அது நூற்றில் ஒரு பங்காக இல்லை.